காலஞ்சென்ற கிடார்காரர் லோர்ன்

எங்கள் ஊரான கோபர் ஃபால்ஸில் யாராவது ராக் குழு தொடங்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பல் டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும். டாக்டர் ராய்ஸ் ஹேவர்ஸ்டாக் என்று பெயர். நிக்கல் சுரங்கம் மூடிய பிறகு எதைக் காட்டி ஊருக்கு ஆள் வரவைப்பது என்று நகராட்சி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, இளம் வயதில் தான் கிடார் வாசித்ததை அவர் எழுந்து நின்று நினைவூட்டினார். அப்படிப் பிறந்ததுதான் ராக் பாரம்பரிய மன்றம். எது ராக், எது ராக் இல்லை என்பதை அது சொல்லும். அது சொல்லாமல் கோடையில் பன்றி விலாவைச் சுட்டுத் தின்ன நடக்கும் விலா எலும்புத் திருவிழா மேடையில் ஒருவன் தொண்டையைக்கூடச் செரும முடியாது.

என் பெயர் ரெய்னோ லாஹ்தி. ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் பனித்தளத்தை வழவழப்பாக்கும் வண்டி ஓட்டுகிறேன். ஓய்வு கிடைத்தால் டிரம்ஸ் அடிப்பேன். மன்றம், பாரம்பரியம் இதெல்லாம் எனக்கு வேண்டாத வேலை. என்னை இதில் இழுத்துவிட்டவள் மார்னி ப்ரூடோம்.

மார்னி எங்கள் அரங்கத்தின் ஆர்கன்காரி, ஆட்டத்துக்கு இடையிடையே வாசிப்பவள். பார்வையாளர் வரிசைகளுக்கு மேலே ஒரு பரண். அதில் பியானோ போல விரல்கட்டைகளும் கீழே மிதிகட்டைகளும் கொண்ட, வால்நட் மரத்தால் செய்த ஒரு பெரிய ஆர்கன். எதிரணிக்காரன் தப்பு செய்து தண்டனைக் கூண்டுக்குப் போனால், அவன் சவ ஊர்வலத்துக்கு வாசிப்பது போல வாசிப்பாள். ஒருமுறை நடுவர் ஒருவருக்கு அவள் வாசித்த மெட்டு பொறுக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, பரணை நோக்கி விரலை நீட்டி, வெளியே போ என்றார். அவள் படியிறங்கிப் போய் முடிக்கும்வரை அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தன் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான் என்பாள். புருஷன் விட்டுவிட்டுப் போன நாளுக்கு இரண்டாம் இடம்.

போன குளிர்காலத்தில் நகராட்சி அவளை நிறுத்திவிட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தது. கம்ப்யூட்டர் யாரையும் கேலி செய்யாது. நடுவர்களுக்கும் நிம்மதி. ஆனால் ஆர்கன் என்ன ஆகும்? வசந்தம் வந்ததும் குப்பைமேட்டுக்குப் போகும் என்றார்கள். ஊரில் மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற ஏதாவது இசைக்குழு அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும், அந்தக் குழுவிடமே விட்டுவைப்பார்களாம்.

"போனா போகட்டுமே மார்னி, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று வாயைக் கொடுத்தேன்.

"டேய் ரெய்னோ, எங்கம்மா செத்தப்பகூட நான் இப்படி அழல. ஆர்கன் சுவிட்சை அவங்க அணைச்சாங்க பாரு, அன்னைக்கு அழுதேன். குப்பையில போட விடமாட்டேன். நாம ஒரு ராக் குழு ஆரம்பிக்கிறோம்."

"நாமன்னா?"

"நீ, நான், டொனாட்டோ."

டொனாட்டோ ஃபெரான்டே பீட்சா கடை வைத்திருக்கிறான். இடது கையால் மின் பியானோவில் பேஸ் வாசிப்பான், வலது கையால் பாட்டு, வாயால் சண்டை. மூன்று பேரும் பரணில் ஏறி ஒத்திகை பார்த்தோம். முதல் பாட்டிலேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆர்கன் அடிவயிற்றிலிருந்து உறுமியது. டொனாட்டோவின் பியானோ அதன்மேல் கல்லை விட்டெறிந்தது. காலியான அரங்கத்தில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இப்படி ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை.

"கிடாருக்கு ஆள் பாக்கணுமே?" என்றேன்.

"எதுக்கு? கிடார்காரன் ஒருத்தன் உள்ள வந்தான்னா, மொதல்ல சத்தத்தைக் கூட்டுவான். அப்புறம் முன்னால வந்து நிப்பான். அப்புறம் ஆர்கன் சத்தம் தன் காதுல விழலம்பான். நமக்கு வேணாம்டா" என்றாள் மார்னி.

இப்படித்தான் நாங்கள் பல் டாக்டரிடம் போனோம்.

மன்றத்தின் கூட்டம் சுருதி சேர்ப்புடன் தொடங்கும். உறுப்பினர் அனைவரும் எழுந்து, கொடியைப் பார்த்து நின்று, தத்தம் கிடாரைச் சுருதி சேர்த்து, ஒரே ஒரு ஸ்வரத்தை ஒன்றாக மீட்ட வேண்டும். ஒருவருடையது சேர்ந்தால் இன்னொருவருடையது இறங்கிவிடும். இறங்கியவர் "மன்னிக்கணும்" என்பார். மற்றவர்கள் "இல்ல இல்ல, நாங்கதான் மன்னிப்புக் கேக்கணும்" என்பார்கள். பெரும்பாலான கூட்டங்கள் இதோடு முடிந்து டோனட் சாப்பிடக் கலைந்துவிடும். அன்று எங்கள் அதிர்ஷ்டம், சுருதி சேர்ந்துவிட்டது.

டாக்டர் எங்களை எண்ணிப் பார்த்தார். "கிடார்காரர் எங்க? வண்டியை நிறுத்தப் போயிருக்காரா?"

"எங்க குழுவுல கிடார் கிடையாது டாக்டர். ரெண்டு கீபோர்டு, ஒரு டிரம்ஸ்."

"நல்லது. அவர் எப்ப வருவாரு?"

"வரமாட்டாரு. அப்படி ஒருத்தரே இல்ல. வேணாம்னுட்டுதான் ஆரம்பிச்சிருக்கோம்."

டாக்டர் புன்னகைத்தார். வலிக்கவே வலிக்காது என்று சொல்லிவிட்டு ஊசியை எடுக்கும்போது அவர் சிரிக்கும் சிரிப்பு அது. ஊரில் அனைவருக்கும் தெரியும்.

"மிஸ் ப்ரூடோம், இந்த மன்றத்துல எல்லாத் தரப்புக்கும் இடம் உண்டு. நின்னு வாசிக்கிற கிடார்காரங்க இருக்காங்க. உக்காந்து வாசிக்கிற கிடார்காரங்க இருக்காங்க. வாசிக்கவே தெரியாத கிடார்காரங்களும் இருக்காங்க, அவங்களைத் துணைத்தலைவரா வச்சிருக்கோம். நாங்க யாரையும் ஒதுக்குறதில்ல. ஆனா கிடாரே இல்லாத ராக்குன்னா அது பல்லே இல்லாத வாய். பல்லில்லாத வாயால யாருக்கு என்ன வருமானம் சொல்லுங்க?"

உறுப்பினர்கள் உருக்கமாகத் தலையசைத்தார்கள். குப்பை லாரி அடுத்த வாரம் வருவதாக இருந்தது. மார்னி கையைப் பிசைவதைப் பார்த்து, மன்றச் செயலாளர் பிலிஸ் கிரண்டில் அம்மையார் இரக்கப்பட்டார். கிடார் வார்களுக்குக் கம்பளி உறை பின்னிக்கொண்டே கூட்டத்தை நடத்தும் நல்ல மனுஷி.

"இங்க பாரு கண்ணு, 'இல்லவே இல்ல'ன்னு பதிவு பண்ண எங்களுக்கு வழி கிடையாது. கிடார்காரர் விலகிட்டாரு, நீக்கிட்டோம், உடம்பு சரியில்ல, இறந்துட்டாரு. இதுல ஒண்ணைச் சொல்லு. விலகிட்டாருன்னா அவரே வந்து சொல்லணும். நீக்கிட்டோம்னா அவருக்கு மனசு நோகும், சமாதானம் பேசணும். உடம்பு சரியில்லன்னா டாக்டர் சீட்டு வேணும். இறந்துட்டாருன்னா ஒண்ணுமே வேணாம். அதுதான் சுலபம்."

"அதுக்குச் சான்றிதழ் கேக்க மாட்டீங்களா?" என்றான் டொனாட்டோ.

அம்மையார் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட போய் அதைக் கேக்குறதா? நாம என்ன மிருகமா?"

மார்னி என்னைப் பார்த்தாள், டொனாட்டோவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் "இறந்துட்டாரு" என்றாள்.

நாற்காலிகள் நகர்ந்தன. தொப்பிகள் கழன்றன. டாக்டர் நெஞ்சில் கைவைத்து, "பேரு?" என்றார்.

"லோர்ன்" என்றான் டொனாட்டோ பட்டென்று. அவன் கடைக்குக் காளான் கொண்டுவரும் லாரிக்காரனின் பெயர் அது என்று பிறகு சொன்னான்.

அன்றே எங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. குப்பை லாரி வரவில்லை. மார்னி பரணில் ஏறி ஆர்கனைத் துடைத்து, அதன் பக்கவாட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு பொய், ஒரு பெயர், அதோடு போயிற்று என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் ஊரின் நல்ல மனதை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மார்னியின் வாசலில், துக்க வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, சூரைமீனும் சேமியாவும் போட்டுச் சுட்ட பதார்த்தம் ஒன்று தட்டோடு இருந்தது. அதற்கடுத்த நாள் வாசலில் கால் வைக்க இடமில்லை. எனக்கும் வந்தது. டொனாட்டோவுக்கு, பீட்சா கடைக்காரனுக்கு, யாரோ பீட்சா அனுப்பியிருந்தார்கள். கடையில், வங்கியில், பெட்ரோல் போடுமிடத்தில் ஆட்கள் என் தோளைத் தொட்டார்கள். "லோர்ன்... என்ன மனுஷன்!" என்றார்கள். முதலில் தெரியாமல் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது. லோர்ன் சிவப்புச் சட்டைதான் போடுவானாம். மீன் பிடிக்கப் போனால் பிடித்ததையெல்லாம் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவானாம். தபால் நிலையத்து ஷெர்லீன், அவன் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதாகவும் தான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னதாகவும் கண் கலங்கினாள். செத்தவனைத் தெரியாது என்று சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. ஒருவர் தெரியும் என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் இன்னும் நெருக்கமாகத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் அரங்கத்தில் மௌன அஞ்சலி. அதோடு விட்டார்களா? லோர்ன் என்று பெயர் போட்ட ஒரு ஹாக்கி ஜெர்சியைக் கயிறு கட்டி உத்தரத்துக்கு ஏற்றினார்கள். அவன் ஹாக்கி ஆடியதாக அதுவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதனை மதிக்க எங்கள் ஊருக்கு வேறு வழி தெரியாது. ஜெர்சி மேலே போகும்போது டாக்டர் ஹேவர்ஸ்டாக் பனித்தளத்தின் நடுவில் விரித்த கம்பளத்தில் நின்று பேசினார்.

"லோர்னுக்கு மொதல் பாடம் சொல்லிக்குடுத்தவன் நான்தான். இதை நான் வெளியில சொல்லிக்கிட்டதில்ல, ஏன்னா எனக்குத் தற்பெருமை பிடிக்காது. அவன் கடவாய்ப்பல்லை எடுத்ததும் நான்தான். வாயில பஞ்சோட அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே! 'டாக்டர், நீங்க மட்டும் பல் பக்கம் போகாம இருந்திருந்தா இந்த நாட்டுக்கே பெரிய கிடார்காரரா ஆகியிருப்பீங்க'ன்னு அந்தப் பார்வை சொல்லிச்சு. இன்னைக்கு நாம இழந்தது ஒருத்தரை இல்ல, ரெண்டு பேரை."

ஊர் விம்மியது. எனக்குப் பக்கத்தில் டொனாட்டோவும் விம்மினான்.

"யோவ், உனக்கென்னய்யா வந்துச்சு?" என்றேன்.

"தெரியலடா. அவன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்" என்றான்.

கோடை வந்தது. விலா எலும்புத் திருவிழாவின் பெரிய மேடை எங்களுக்கு. ஆர்கனைப் பரணிலிருந்து இறக்கி மேடை ஏற்ற, ஹாக்கி அணி முழுக்க வந்து தோள் கொடுத்தது. மார்னி உதட்டில் சாயம் பூசியிருந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. "டேய், ஒரே ஒரு பாட்டு முழுசா வாசிச்சிட்டாப் போதும். இது என்னன்னு அவங்களே கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க" என்றாள்.

மேடையேறிப் பார்த்தால் நட்டநடுவில் ஒரு மைக், ஒரு ஆம்பிளிஃபயர், ஒரு வெளிச்ச வட்டம். ஆள் இல்லை. ஆர்கனை ஓரமாக, வறுக்கும் அடுப்புகளின் புகைக்குள் தள்ளி வைத்திருந்தார்கள். பிலிஸ் அம்மையார் ஓடி வந்து எங்களிடம் ரகசியமாக விளக்கினார்.

"நடுவுல லோர்ன் இடம். ஒவ்வொரு பாட்டுலயும் அவர் தனியா வாசிக்கிற இடம் வருமில்ல, அப்ப நீங்க நிறுத்திக்கணும். மரியாதைக்கு."

"அவர் தனியா வாசிக்கிற இடம்னு ஒண்ணு இல்லியே, அம்மா" என்றாள் மார்னி.

"தெரியும் கண்ணு. இனிமே இருக்காதுதான்" என்று அம்மையார் அவள் கன்னத்தைத் தடவினார்.

முதல் பாட்டு. ஆர்கன் எழும்பியது. முன்வரிசையில் விலா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த சிலர் கடிப்பதை நிறுத்தியதை என் கண்ணால் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் போதும். அதற்குள் டாக்டர் மேடையோரத்திலிருந்து கையை உயர்த்தினார். மார்னி விரலை எடுத்தாள். நான் குச்சியை எடுத்தேன். காலி மைக்கின் மேல் வெளிச்சம் பாய்ந்தது. எள் போட்டால் எள் விழாத அந்தக் கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. கொழுப்பு அடுப்பில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒருவன் "லோர்ன்!" என்று கத்தினான். அப்புறம் எழுந்த கைதட்டல் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

இரண்டாவது பாட்டில் டாக்டர் இன்னும் சீக்கிரம் கையை உயர்த்தினார். கடைசிப் பாட்டில் நாங்கள் தொடங்கினோம், முடித்தோம். இடையில் இருந்ததெல்லாம் லோர்ன். உள்ளூர்ப் பத்திரிகை மறுநாள் எழுதியது: இந்த ஆண்டின் மிகச் சிறந்த கிடார் வாசிப்பு, கீபோர்டுகள் சற்று இடைஞ்சல்.

மார்னி அந்தப் பத்திரிகையை மடித்து ஆடும் மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். "பரவால்லடா. ஆர்கன் இருக்கில்ல. அது இருந்தா போதும். ஊரு ஒருநாள் அவனை மறந்துரும்" என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள்.

இலையுதிர் காலத்தில் மன்றத்தின் லாரி அரங்கத்துக்கு வந்தது. ஆர்கனை எடுத்துப் போகப் போவதாகச் சொன்னார்கள். மார்னிக்கு நான்தான் தகவல் சொன்னேன். அவள் போட்டது போட்டபடி ஓடி வந்து லாரிக்கு முன்னால் நின்றாள்.

டாக்டரே இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க. உங்க ஆர்கனுக்கு மன்றம் ஒரு பெரிய மரியாதை செய்யப் போகுது. ஊர்லயே நல்ல தச்சரைப் பிடிச்சிருக்கோம். ஹாக்கி சீசன் தொடக்க விழாவுல உங்க கையிலயே குடுப்போம்."

"புதுப்பிக்கப் போறீங்களா?"

"புது உயிரே குடுக்கப் போறோம்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்வரிசையில் இரண்டு கட்டைகள் மழை நாளில் ஒட்டிக்கொள்ளும், மிதிகட்டையில் ஒன்று கிறீச்சிடும், அதை மட்டும் சரிசெய்ய வேண்டாம், எனக்கு அது பழகிவிட்டது என்றெல்லாம் லாரிக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு வெண்ணெய்ப் பலகாரம்கூட வாங்கிக் கொடுத்தாள். ஆர்கனைப் போர்வையால் மூடும்போது அதைச் செல்லமாக இரண்டு தட்டு தட்டி அனுப்பினாள்.

தொடக்க விழாவன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. பனித்தளத்தின் நடுவில் கம்பளம். கம்பளத்தின் மேல் என் டிரம்ஸ், டொனாட்டோவின் பியானோ, பட்டுத்துணி மூடிய ஒரு சிறிய மேசை. மார்னி கழுத்தை நீட்டி நீட்டிக் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கமா கொண்டு வருவாங்க? அந்தக் கதவு அகலம் பத்தாதே" என்றாள்.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே! லோர்னுக்கு ஒரு நிரந்தர நினைவுச்சின்னம் வேணும்னு மன்றம் முடிவு பண்ணிச்சு. சிலை வைக்கலாம்னா அவர் முகம் எப்படின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அப்பதான் எனக்கு ஒரு யோசனை. லோர்ன் வாழ்ந்தபோது அவருக்குப் பக்கத்துலயே இருந்து, அவர் வாசிப்பைத் தினம் கேட்டுக்கிட்டிருந்த மரம் ஒண்ணு நம்ம ஊர்ல இருக்கே! அதைச் சும்மா விடலாமா?"

துணியை இழுத்தார்.

கிடார். அழகான கிடார் என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். வால்நட் மரம் மெருகேறி மின்னியது. கழுத்தில் இடம் காட்டும் வெள்ளைப் புள்ளிகளை ஆர்கனின் கட்டைகளிலிருந்து வெட்டியிருந்தார்கள். ஒலி கூட்டும் குமிழ்கள் ஆர்கனின் குமிழ்களேதான், எழுத்துகள்கூட அப்படியே இருந்தன. மிச்சமான பலகையில் மன்ற உறுப்பினர்கள் ஆளுக்கொரு சாவிக்கொத்துப் பதக்கம் செய்து இடுப்பில் மாட்டியிருந்தார்கள்.

மார்னிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் விரல் அந்த வெள்ளைப் புள்ளிகளைத் தொட்டது, குமிழைத் தொட்டது, பிறகு நின்றுவிட்டது. அவள் கழுத்தில் கிடாரின் வாரை மாட்டிவிட்டு, பிலிஸ் அம்மையார் கம்பளி உறையைச் சரிசெய்தார்.

"இப்பதான் நீங்க முழுமையான ராக் குழு" என்றார் டாக்டர். "ரெண்டு வார்த்தை பேசுங்க."

மார்னி மைக்குக்குக் குனிந்தாள். "லோர்ன்னு ஒருத்தன் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. நாங்க பொய் சொன்னோம். என் ஆர்கனைக் காப்பாத்தத்தான் சொன்னோம். அதைத்தான் நீங்க அறுத்துட்டீங்க."

அப்பாடா, உடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். முன்வரிசையில் ஷெர்லீன் ஓவென்று அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். ஒரு முரட்டு ஹாக்கிக்காரன் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டான்.

டாக்டர் மார்னியைத் தோளோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டீங்களா? எவ்வளவு நேசிச்சிருந்தா, அவன் இருந்ததே இல்லன்னு ஒரு மனசு சொல்லும்! நம்ம யாருக்காவது இப்படி ஒரு துக்கம் வாய்ச்சிருக்கா?"

"இல்லவே இல்லய்யா! காளான் லாரிக்காரன் பேருய்யா அது!" என்று மார்னி கத்தினாள். டாக்டர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அவள் அவரை உதறித் தள்ளினாள். கிடாரின் கம்பிகள் மேல் முஷ்டியால் குத்தினாள். ஒரு முறை, இன்னொரு முறை, தோலுரிந்து ரத்தம் வரும்வரை. ஆம்பிளிஃபயர்கள் அலறின. அப்படியொரு அபஸ்வரத்தை அந்த அரங்கம் கேட்டதில்லை. காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய சத்தம் அது. ஒருவரும் பொத்திக்கொள்ளவில்லை. ஆயிரம் தொப்பிகள் கழன்றன.

டாக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அச்சு அசல் லோர்ன்" என்றார்.

மார்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். டொனாட்டோ குனிந்து தன் பியானோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் காத்திருந்தது. நான் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி, பாட்டுக்குத் தாளம் எண்ணத் தொடங்கினேன்.